நெஞ்செரிச்சல் மருந்து தாய்ப்பாலுக்குள் போகுமா?

வயிற்று அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் புட்டியின் பின்பக்கத்தில், கண்ணைச் சுருக்கினால்தான் படிக்க முடிகிற எழுத்தில், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். நள்ளிரவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தொண்டை வரை எரிந்து ஏறும் புளிப்பை விழுங்கியபடி அந்த வரியைப் படிக்கும் தாய்க்கு அதனால் கிடைப்பதெல்லாம் பயம்தான். சிலர் புட்டியை அப்படியே மூடி வைத்துவிட்டு விடியும் வரை எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறார்கள்; சிலர் மருந்தைக் குடித்துவிட்டு, அடுத்த இரண்டு வேளைப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுகிறார்கள். வழக்கமான ஆன்டாசிட்டைப் பொறுத்தவரை இந்த இரண்டுமே தேவையற்றவை. அது ஏன் என்று புரிந்துகொள்ள, ஒரு கரண்டி மருந்து தாயின் வாயிலிருந்து குழந்தையின் இரத்தம் வரை போய்ச் சேர எந்தெந்த வாசல்களைக் கடக்க வேண்டும் என்று பின்தொடர்ந்து பார்த்தால் போதும்.

அதற்கு முன் அந்த எச்சரிக்கை வரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபத்து ஏதோ கண்டுபிடிக்கப்பட்டதால்தான் அது அச்சிடப்பட்டிருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பாலூட்டும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மருந்துச் சோதனைகள் நடப்பது மிக அரிது. சோதிக்காத ஒன்றுக்கு உறுதி சொல்ல எந்தத் தயாரிப்பாளரும் முன்வருவதில்லை என்பதால், எல்லா மருந்துக்கும் பொதுவான ஒரு தற்காப்பு வாசகமாக அது ஒட்டிக்கொள்கிறது. கர்ப்பத்தையும் பாலூட்டலையும் ஒரே மூச்சில் சொல்வதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. கருவிலிருக்கும் சிசுவுக்குத் தொப்புள்கொடி வழியாகத் தாயின் இரத்தத்திலிருந்து மருந்து நேராகப் போகிறது. பால் குடிக்கும் குழந்தைக்கோ அது வேறொரு நீண்ட பாதையில் சுற்றி வர வேண்டும். கர்ப்ப காலத்தில் கூடாத மருந்து பாலூட்டும்போது கூடும், தலைகீழாகவும் நடக்கும்.

மூன்று வாசல்கள்

தாய்ப்பால் வயிற்றிலிருந்து உருவாவதில்லை, இரத்தத்திலிருந்து உருவாகிறது. மார்பகத்தின் உள்ளே திராட்சைக் கொத்துப்போல அமைந்த நுண்ணறைகளின் சுவரில் உள்ள செல்கள், தம்மைச் சுற்றி ஓடும் இரத்தத்திலிருந்து வேண்டியதை எடுத்துப் பாலாக்கி உள்ளே சுரக்கின்றன. தாயின் வயிற்றில் அமிலம் மிகுந்தால் பால் புளித்துவிடும் என்ற பேச்சுக்கு இதனால்தான் அடிப்படை இல்லை. வயிற்று அமிலம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இரத்தத்தின் அமிலத்தன்மையை உடல் மிகக் குறுகிய எல்லைக்குள் கட்டிக் காக்கிறது. பாலும் ஏறக்குறைய நடுநிலையிலேயே, பிஹெச் 7-ஐ ஒட்டியே இருக்கிறது.

ஆக, ஒரு மருந்து முதலில் தாயின் குடலிலிருந்து இரத்தத்துக்குள் நுழைய வேண்டும். அது முதல் வாசல். அடுத்து, இரத்தத்திலிருந்து அந்தச் சுரப்பிச் செல்களைக் கடந்து பாலுக்குள் இறங்க வேண்டும். இந்த இரண்டாம் வாசலில் மூலக்கூறின் அளவு, கொழுப்பில் அது கரையும் தன்மை, இரத்தப் புரதங்களோடு அது எவ்வளவு இறுக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பவையெல்லாம் கணக்கில் வருகின்றன. புரதத்தோடு ஒட்டிய மருந்து இரத்தத்திலேயே தங்கிவிடும். பிரசவமான முதல் சில நாட்களில் இந்தச் செல்களுக்கிடையே இடைவெளி சற்று அதிகம், ஆகவே மருந்து கொஞ்சம் எளிதாக நுழையும். ஆனால் அந்நாட்களில் குழந்தை குடிக்கும் சீம்பாலின் அளவே மிகச் சிறியது என்பதால் மொத்தத்தில் போவது குறைவுதான். மூன்றாவது வாசல் குழந்தையின் வயிறும் குடலும். பாலில் வந்த மருந்து அங்கே சிதையாமல் தப்பி, குழந்தையின் இரத்தத்தில் கலந்தால்தான் அதற்கு ஏதாவது விளைவு உண்டு.

இந்தப் பயணத்தின் முடிவை அளக்க மருந்தியலாளர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். தாய் தன் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு மருந்து எடுத்துக்கொள்கிறார், அதில் எத்தனை விழுக்காடு குழந்தையின் ஒரு கிலோ எடைக்குப் பால் வழியாகக் கிடைக்கிறது என்பதே அது. குழந்தை ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி பால் குடிக்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். கிடைக்கும் விகிதம் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், பெரும்பாலான மருந்துகளுக்கு அது ஏற்கத்தக்கது என்று கருதப்படுகிறது. இந்த 10 என்பது இயற்கையின் விதி அல்ல, அனுபவத்தில் வைத்த ஒரு கோடு. நச்சுத்தன்மை மிகுந்த மருந்துக்கு அது பொருந்தாது. ஆன்டாசிட்டுக்கு அது தேவைக்கும் மேலான கண்டிப்பு.

முதல் வாசலிலேயே நிற்பவை

ஆன்டாசிட் என்பது பள்ளிப் பாடத்தில் படித்த நடுநிலையாக்கல் வினையேதான். வயிற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். புட்டியில் இருப்பது ஒரு காரம். கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சப்பி விழுங்கினால், அது அமிலத்தோடு சேர்ந்து உப்பாகவும் நீராகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. மருந்து போட்ட சில நிமிடங்களில் வரும் ஏப்பம், அந்த வாயு வெளியேறுவதன் அடையாளம். அலுமினியம் ஹைட்ராக்சைடும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் வாயு இல்லாமல் அதே வேலையைச் செய்கின்றன. வேலை முழுவதும் வயிற்றுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இந்த மருந்து பலன் தர இரத்தத்துக்குள் போகவே தேவையில்லை. வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரைதான் பலன் நிற்கும். சாப்பாட்டுக்குப் பின் குடித்தால் வயிறு மெதுவாகக் காலியாவதால் மூன்று மணி நேரம் வரை நீளும்.

பலரைப் பயமுறுத்துவது அலுமினியம் என்ற பெயர். குடித்த அலுமினியத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் குறைவான பகுதியே குடலில் உறிஞ்சப்படுகிறது. அதையும் ஆரோக்கியமான சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. மண்ணிலும் நீரிலும் உணவிலும் இருக்கும் உலோகம் என்பதால் தாய்ப்பாலில் அது எப்போதும் நுண்ணளவில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் புட்டிப்பால் மாவுகளில் அது தாய்ப்பாலைவிடப் பல மடங்கு அதிகம், சோயா மாவில் இன்னும் அதிகம் என்று திரும்பத் திரும்ப அளந்து பார்த்திருக்கிறார்கள். அலுமினியத்துக்குப் பயந்து இரண்டு நாள் பாலை நிறுத்திப் புட்டிப்பால் கொடுக்கும் தாய், தவிர்க்க நினைத்ததையே கூடுதலாகக் கொடுக்கிறார்.

கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் நிலைமை வேறு. இவை ஓரளவு உறிஞ்சப்படுபவைதான். ஆனால் பாலுக்கு இவை புதியவை அல்ல. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் இயல்பாகவே 200 முதல் 300 மில்லிகிராம் கால்சியமும், சுமார் 30 மில்லிகிராம் மெக்னீசியமும் உண்டு. இந்த அளவைத் தாய் சாப்பிடும் மாத்திரை தீர்மானிப்பதில்லை. பாலுக்கான கால்சியத்தை உடல் வேண்டுமானால் தாயின் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. பாலூட்டும் பெண்களுக்குக் கூடுதல் கால்சியம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் பாலின் கால்சியம் உயரவில்லை. மெக்னீசியத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனையே நடந்திருக்கிறது. கர்ப்பகால இரத்தக் கொதிப்பு முற்றிய பெண்களுக்கு வலிப்பு வராமல் தடுக்க, மெக்னீசியம் சல்பேட்டை நேராக இரத்த நாளத்திலேயே ஏற்றுகிறார்கள். முதல் வாசலைத் தாண்டி நேரே உள்ளே போன அந்தப் பெரிய அளவிலும், பாலில் மெக்னீசியம் முதல் நாளில் சற்றே உயர்ந்து விரைவில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அப்படியிருக்க, இரண்டு கரண்டி ஜெல்லால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும் என்று அஞ்சக் காரணமில்லை. வயிற்றுப்போக்கு வந்தால் தாய்க்கு வரும்; அலுமினியமும் கால்சியமும் மலத்தைக் கட்டும், மெக்னீசியம் இளக்கும். ஒரே புட்டியில் அலுமினியத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்து வைத்திருப்பது இந்த இழுபறியைச் சமன் செய்யத்தான்.

வாயுவுக்காகச் சேர்க்கப்படும் சிமெதிகோன் உறிஞ்சப்படுவதே இல்லை. குழந்தைகளுக்கான சொட்டு மருந்தாகவும் அது விற்கிறது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேட், வயிற்று நீரின் மேல் நுரைப்படலம்போல மிதந்து எதுக்களிப்பைத் தடுக்கிறது; அதுவும் கவலைக்குரியதல்ல.

பெயர்களால் வரும் குழப்பம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கால்சியம் கார்பனேட்டைப் பற்றித் தேடுகிறவர்கள் 'பால்-காரக் கூட்டறிகுறி' என்ற ஒன்றைப் படித்துவிட்டு நடுங்குகிறார்கள். அந்தப் 'பால்' தாய்ப்பால் அல்ல. 1915-இல் சிகாகோவைச் சேர்ந்த பெர்ட்ராம் சிப்பி என்ற மருத்துவர், வயிற்றுப்புண் நோயாளிகளுக்கு மணிக்கு மணி மாட்டுப்பாலும் காரப்பொடியும் கொடுக்கும் சிகிச்சையைப் பரப்பினார். அதைப் பின்பற்றிய சிலருக்கு இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பெயர் அங்கிருந்து வந்தது. ஆபத்து தாய்க்குத்தான், அதுவும் அளவு மீறினால்தான். 500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் மாத்திரையில் இருக்கும் கால்சியம் 200 மில்லிகிராம். பிரசவத்துக்குப் பின் எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரை ஒரு பக்கம், வைட்டமின் டி ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது, நெஞ்செரிச்சலுக்கென்று நாளுக்குப் பத்து மாத்திரை சப்பினால் கணக்கு எங்கே போகும் என்று யோசிக்க வேண்டும். 50 வயது வரையுள்ள பெரியவர்களுக்கு உணவையும் சேர்த்து நாளுக்கு 2,500 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு.

புட்டிக்குள் கூட வருபவை

உண்மையில் தயங்க வேண்டிய இடம் இதுதான். ஆன்டாசிட் என்ற பெயரில் விற்கும் எல்லாவற்றிலும் ஆன்டாசிட் மட்டும் இருப்பதில்லை. தண்ணீரில் போட்டதும் பொங்கும் சில மாத்திரைகளில் ஆஸ்பிரின் கலந்திருக்கிறது. இளஞ்சிவப்புக் குழம்பாக வரும் பிஸ்மத் சப்சாலிசிலேட்டும் உடலுக்குள் போனதும் ஆஸ்பிரினின் உறவான சாலிசிலேட்டாகவே மாறுகிறது. சாலிசிலேட் பாலில் இறங்கக் கூடியது. குழந்தைகளுக்கு அது ரேய் நோய் என்ற, அரிதானாலும் ஈரலையும் மூளையையும் தாக்கும் கோளாறோடு தொடர்புபடுத்தப்படுவதால், பாலூட்டும் காலத்தில் இவற்றைத் தவிர்ப்பதே சரி. வேறு நல்ல மருந்துகள் இருக்கும்போது இதில் சமரசம் செய்ய வேண்டியதில்லை.

பொங்கும் பொடிகளிலும் சமையல் சோடாவிலும் இருக்கும் சோடியம் பைகார்பனேட், மற்ற ஆன்டாசிட்டுகளைப் போல வயிற்றோடு நிற்காமல் முழுமையாக இரத்தத்தில் கலக்கிறது. எப்போதாவது ஒருமுறை குடித்ததால் பால் கெட்டுவிடாது. ஆனால் ஒரு தேக்கரண்டி சோடாவில் ஏறக்குறைய 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பே 2,000 மில்லிகிராம்தான். பிரசவத்தை ஒட்டி இரத்தக் கொதிப்பு இருந்த பெண்ணுக்கு இது உகந்த மருந்தே அல்ல.

அமிலம் சுரப்பதையே குறைக்கும் மருந்துகள்

ஆன்டாசிட் சுரந்த அமிலத்தை முறிக்கிறது. இன்னொரு வகை மருந்துகள் சுரப்பதையே அடக்குகின்றன. இவை வேலை செய்ய இரத்தத்துக்குள் போயே ஆக வேண்டும். ஆகவே இங்கே முதல் வாசல் திறந்தே இருக்கிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும்தான் பார்க்க வேண்டும்.

பான்டோபிரசோலை எடுத்துக்கொள்வோம். 40 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கிய ஒரு தாயின் பாலை அளந்து பார்த்தபோது, இரண்டு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.036 மில்லிகிராம் இருந்தது. நான்காம் மணியில் அது இன்னும் குறைந்து, பிறகு அளக்க முடியாத நிலைக்குப் போய்விட்டது. ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை நாளுக்கு 750 மில்லி குடிப்பதாகக் கொண்டு, அந்த உச்ச அளவே நாள் முழுவதும் நீடித்தது என்று வேண்டுமென்றே மிகைப்படுத்திக் கணக்குப் போட்டாலும், குழந்தைக்குக் கிடைப்பது 0.027 மில்லிகிராம். தாயின் எடை 60 கிலோ என்றால் விகிதம் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடுவதில்லை. இதற்கு மேல் மூன்றாம் வாசல் இருக்கிறது. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவை அமிலத்தில் சிதைந்துவிடும் இயல்புடையவை. அதனால்தான் மாத்திரைக்கு வயிற்றில் கரையாத ஒரு பூச்சு போட்டிருக்கிறார்கள், அதனால்தான் அதை உடைத்தோ கடித்தோ விழுங்கக் கூடாது என்கிறார்கள். பாலில் வரும் துளிக்கு அந்தப் பூச்சு கிடையாது. குழந்தையின் வயிற்று அமிலமே அதில் பெரும்பகுதியை முடித்துவிடும்.

இதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஃபமோடிடினும் பாலில் குறைவாகவே இறங்குகிறது. அதே குடும்பத்துச் சிமெடிடின் மட்டும் விதிவிலக்கு: சுரப்பிச் செல்கள் அதைத் தாமே இழுத்துப் பாலுக்குள் சேர்க்கின்றன, இரத்தத்தைவிடப் பாலில் அது அதிகமாகிவிடுகிறது, மற்ற மருந்துகள் ஈரலில் சிதைவதையும் தடுக்கிறது. ஃபமோடிடின் கிடைக்கும்போது அதைத் தேடிப் போவானேன்? நீண்ட காலம் வீட்டுக்கு வீடு இருந்த ரானிடிடினில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோயைத் தூண்டக் கூடிய மாசு தங்குவது தெரியவந்ததால், 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைச் சந்தையிலிருந்து முழுவதும் எடுக்கச் சொன்னது. அது தாய்ப்பாலுக்கென்று ஏற்பட்ட பிரச்சினை அல்ல, எல்லோருக்குமானது.

பான்டோபிரசோலோடு டோம்பெரிடோன் சேர்ந்து வரும் மாத்திரைகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். டோம்பெரிடோன் வாந்திக்கான மருந்து. புரோலாக்டின் என்ற ஹார்மோனை உயர்த்திப் பால் சுரப்பைக் கூட்டும் பக்கவிளைவும் அதற்கு உண்டு. கேட்க நன்றாக இருந்தாலும், சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக் கூடியது. வெறும் நெஞ்செரிச்சலுக்கு அதைச் சேர்த்து விழுங்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

பால் வழியாக அன்றி வேறு வழியில் வரும் பாதிப்பைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம் என்பது என் எண்ணம். அமிலம் குறைந்தால் இரும்புச் சத்து சரியாக உறிஞ்சப்படாது. பிரசவத்தில் இரத்தம் இழந்து இரும்பு மாத்திரை சாப்பிடும் பெண், அதே கையோடு ஆன்டாசிட்டும் குடித்தால் மாத்திரை பாதி வீண். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் இதே வகையில் கட்டுண்டு போகும். பான்டோபிரசோல் வகை மருந்தை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விடாமல் எடுத்தவர்களிடம் வைட்டமின் பி12 குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது. கால்சியத்தைப் போலத் தாயின் எலும்பிலிருந்து இதை எடுத்துக் கொடுக்க முடியாது. தாய்க்குக் குறைந்தால் பாலிலும் குறையும், குழந்தையின் இரத்தமும் நரம்பு வளர்ச்சியும் பாதிக்கப்படும். இறைச்சி, முட்டை, பால் எதுவும் உண்ணாத தாய்க்கு இது இன்னும் முக்கியம். மருந்து குழந்தையை ஏறக்குறைய எட்டுவதே இல்லை, ஆனாலும் குழந்தைக்கு இழப்பு. அதைத் தெரிந்துகொள்ள ஒரு இரத்தப் பரிசோதனை போதும்.

எரிச்சல் எல்லாமே அமிலம் அல்ல

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நெஞ்செரிச்சல் வராத பெண்கள் குறைவு. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உணவுக்குழாயின் அடியிலுள்ள தசை வளையத்தைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை வயிற்றை மேலே தள்ளுகிறது. பிரசவத்தோடு இரண்டும் நீங்கிவிடுவதால் பெரும்பாலோருக்கு எரிச்சலும் போய்விட வேண்டும். போகாமல் நீடித்தாலோ, புதிதாகத் தொடங்கினாலோ, ஆன்டாசிட் பாலுக்குப் பாதுகாப்பானதா என்பது இரண்டாம் கேள்வியாகிவிடுகிறது.

பிரசவமாகி ஆறு வாரங்களுக்குள், மேல் வயிற்றிலோ வலப்பக்க விலாவுக்குக் கீழேயோ கடுமையான வலி வந்து, அதோடு விடாத தலைவலியும் பார்வை மங்கலும் முக வீக்கமும் சேர்ந்தால், அது 'வாயுவாக' இல்லாமல் பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தக் கொதிப்பு ஈரலைத் தாக்குவதாக இருக்கலாம். கர்ப்ப காலம் முழுவதும் இரத்த அழுத்தம் சரியாக இருந்தவர்களுக்கும் இது வரும். அந்த நேரத்தில் ஜெல் குடித்துக் காத்திருக்கும் ஒரு மணி நேரம் மிக விலையுள்ளது. உடனே இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பத்தில் உருவான பித்தப்பைக் கற்களும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில், கொழுப்பான உணவுக்குப் பின் வரும் வலியாகத் தலைகாட்டும். கறுப்பாக மலம் போதல், இரத்த வாந்தி, விழுங்குவதில் சிரமம், கைக்கோ தாடைக்கோ பரவும் நெஞ்சு வலி ஆகிய எதையும் நெஞ்செரிச்சல் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாத சாதாரண எரிச்சலுக்கு, அல்ஜினேட்டோ கால்சியம் கார்பனேட்டோ அலுமினியம்-மெக்னீசியம் ஜெல்லோ, புட்டியில் சொன்ன அளவில் குடிக்கலாம். பால் கொடுக்கும் நேரத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டியதில்லை, பாலைக் கொட்டவும் வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் தேவைப்பட்டாலோ, குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, தாய்க்கோ குழந்தைக்கோ சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ கேட்டுக்கொண்டுதான் தொடர வேண்டும். கேட்கப் போகும்போது "வாயு மருந்து" என்று சொல்லாமல் புட்டியையே எடுத்துப் போங்கள். ஒரே பெயரில் உள்ளடக்கம் வேறு வேறாக வருவதுண்டு. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் தொடங்கிய லாக்ட்மெட் என்ற இலவச இணையத் தரவுத்தளத்தில் பாலூட்டலுக்கென்றே மருந்துவாரியான பக்கங்கள் உள்ளன. மருத்துவர் தயங்கினால் அதைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

இனி, அதே புட்டி குழந்தையின் பக்கம் திரும்பும் தருணம். பால் குடித்ததும் குழந்தை கக்குகிறது. தாய்க்கு இதமாக இருந்த மருந்துதானே, பாலிலும் போகிறதாம், பாதகமில்லையாம் என்று ஒரு சொட்டு அதன் வாயில் விடத் தோன்றும். விடக் கூடாது. தாய் குடித்தபோது காவலுக்கு இருந்த முதல் இரண்டு வாசல்களும் இங்கே இல்லை. மருந்து நேராகக் குழந்தையின் குடலில் விழுகிறது, அலுமினியத்தையும் மெக்னீசியத்தையும் வெளியேற்றுமளவுக்கு அந்தச் சின்னச் சிறுநீரகம் இன்னும் முதிரவில்லை. கக்கினாலும் எடை ஏறிக்கொண்டு சிரித்து விளையாடும் குழந்தைக்கு மருந்தே வேண்டாம்; எடை ஏறாமல், பச்சையாகவோ இரத்தத்தோடோ கக்கும் குழந்தைக்கு வேண்டியது குழந்தை மருத்துவர்.